பேர் வெட்டிய தட்டு

விசேஷ வீட்டில் பேராச்சியைப் பார்க்க வேண்டுமானால் சமையல் நடக்கிற பக்கம் போகாதீர்கள், பந்தி நடக்கிற பக்கமும் போகாதீர்கள். குப்பை போடுகிற கச்சரா டிரம்மை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு நேரே அங்கே போங்கள். ஸ்டூல் போட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு கையை டிரம் விளிம்பில் வைத்தபடி உட்கார்ந்திருப்பாள். எச்சில் தட்டோடு யாராவது நெருங்கினால் போதும், இன்னொரு கை நீண்டுவிடும். "இங்கன குடுங்க ராசா" என்பாள். டிரம்மை வாசலோரமாக வைத்திருந்த ஒரு கல்யாணத்தில், மொய் வாங்கத்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்து ஒரு பெரியவர் அவள் கையில் கவரைக் கொடுத்துவிட்டுப் போனார். அவளும் பெண் வீடா மாப்பிள்ளை வீடா என்று விசாரித்து, உரிய ஆளிடம் சேர்த்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள்.

அந்த ஸ்டூல் பிளாஸ்டிக் ஸ்டூல். அதைப் பார்த்து யாராவது சிரித்தால் அவளுக்குக் கோபம் வராது. வருஷக் கணக்காக ஒரே ஸ்டூலில் உட்காருகிறேன், இதன் மேல் எனக்கென்ன பகை, ஒரு தடவை தின்றுவிட்டு எறிகிறான் பாருங்கள், அவன் மேல்தான் பகை என்று பதில் வரும். குப்பைத் தொட்டிக்கு இப்படிக் காவல் இருக்கிற பழக்கம் அவளுக்கு எப்படி வந்தது என்பதுதான் இந்தக் கதை.

தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து உள்ளே ஒடுங்கிப் போகிற சந்து ஒன்றில் இருக்கிறது அவர்கள் கடை. வாடகைப் பாத்திரக் கடை. ஆரம்பித்தவர் புருஷன் பிரம்மநாயகம். முதலாகப் போட்டது பேராச்சியின் கழுத்திலும் காதிலும் கிடந்த நகை. தட்டு, டம்ளர், வாளி, கரண்டி என்று எவர்சில்வரில் வாங்கி அடுக்கியவுடன் மனுஷன் செய்த முதல் காரியம், பேர் வெட்டுகிற ஆளைக் கூட்டிவந்து கடை வாசலில் உட்கார வைத்ததுதான். நம் ஆட்களுக்குத்தான் தெரியுமே, பேர் வெட்டாமல் ஒரு சொம்பைக்கூட வீட்டுக்குள் எடுக்க மாட்டோம். ஆனால் பிரம்மநாயகம் தன் பேரை வெட்டச் சொல்லவில்லை. எல்லாத் தட்டிலும் 'பேராச்சி, தாராவி' என்று வெட்டச் சொல்லிவிட்டார்.

பேராச்சிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஊரில் உள்ளவனெல்லாம் என் பேரில் சோற்றைப் போட்டுத் தின்ன வேண்டுமா, உமக்குக் கோட்டி பிடித்துவிட்டதா என்று சண்டைக்குப் போனாள். அவர் அசரவில்லை.

"தட்டு கழுவப் போறது நீ. பேரு மட்டும் எனக்காக்கும்?"

அன்றைக்கு அது பெரிய காரியமாகவும் அவளுக்குத் தோன்றவில்லை. சவம், இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

கடை நன்றாகத்தான் ஓடியது. தாராவியில் சடங்கா, சயானில் நிச்சயதார்த்தமா, செம்பூரில் புதுவீடு புகுதலா, பேராச்சி தட்டு போகாத விசேஷம் இல்லை என்று ஒரு காலம் இருந்தது. பிறகு தெர்மாகோல் தட்டு வந்தது, பின்னாலேயே பிளாஸ்டிக் டம்ளரும் வந்தது. சாப்பிட்டோமா, மடக்கினோமா, எறிந்தோமா, கைகழுவினோமா என்று ஆகிவிட்டது. ஜனங்களைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. தாராவியில் குழாயில் தண்ணீர் வருவது காலையில் கொஞ்ச நேரம். குடிக்கப் பிடிப்பார்களா, குளிக்கப் பிடிப்பார்களா, ஊரார் தின்ற தட்டைக் கழுவப் பிடிப்பார்களா? விலை குறைவு என்பதற்காக மட்டும் தெர்மாகோல் தட்டு ஜெயித்துவிடவில்லை. அதற்குத் தண்ணீர் வேண்டாம். பேராச்சியின் எவர்சில்வர் கூரைக்குக் கீழே பலகை அடித்த மாளாவில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

பிரம்மநாயகமும் போய்ச் சேர்ந்தார். மகன் சுடலைக்கண்ணன் கெட்டிக்காரன், ஊரோடு ஒத்துப் போகிறவன். வாடகைப் பாத்திரம் என்ற போர்டை இறக்கிவிட்டு, கடை நிறைய தெர்மாகோல் தட்டும் பிளாஸ்டிக் டம்ளரும் வாங்கி அடுக்கினான். பேராச்சியே உட்கார்ந்து கட்டுக்கட்டாக விற்கவும் செய்தாள். அடைமழைக் காலத்தில் பின்னால் ஓடுகிற நாலாக் கால்வாய் அடைத்துக்கொண்டு, சாக்கடைத் தண்ணீர் அவர்கள் குடியிருக்கிற ஒற்றை அறைக் கோலிக்குள் ஏறும். அந்தத் தண்ணீரோடு அவர்கள் கடையில் விற்ற தட்டே மிதந்து மிதந்து அவர்கள் வாசலுக்கு வரும். வாடகைக்கு விட்டது திரும்பி வராமல் போன காலம் உண்டு, விற்றது தானாகத் திரும்பி வருகிறதே என்று தலையில் அடித்துக்கொள்வாள்.

இடம் போதவில்லை என்று சுடலை மாளாவின் மேல் கண் வைத்தான். எவர்சில்வர் முழுவதையும் பழைய சாமான் வாங்குகிற பங்கார்காரனுக்கு எடைக்குப் போட்டுவிட்டால் இன்னொரு லோடு சரக்கு இறக்கலாம். கேட்டுக் கேட்டுப் பார்த்தான். இவள் முதலில் அப்பா வருஷ திதி கழியட்டும் என்றாள், பிறகு தை பிறக்கட்டும் என்றாள், பிறகு காய்ச்சலாகப் படுத்துக்கொண்டாள். எத்தனை நாளைக்குத்தான் சாக்குச் சொல்ல முடியும்? கடைசியில், ஆடி பிறந்தவுடன் எடுத்துக்கொண்டு போ என்று வாய் தவறிச் சொல்லியும்விட்டாள். பங்கார்காரன் ஒரு நாள் வந்து, அண்ணாந்து மாளாவைப் பார்த்துவிட்டுப் போனான்.

அந்த ஆனியில்தான், இரண்டாயிரத்துப் பதினெட்டில், மகாராஷ்டிர சர்க்கார் பிளாஸ்டிக்குக்குத் தடை போட்டது. மூன்று மாதம் முன்கூட்டியே சொல்லித்தான் வைத்திருந்தார்கள். சர்க்கார் சொன்னதை யார் நம்பினார்கள்? சுடலையும் நம்பவில்லை. நீல யூனிஃபார்ம் போட்ட முனிசிபாலிட்டி ஆட்கள் சந்துக்குள் நுழைந்தபோது கடை வழிய வழியச் சரக்கு இருந்தது. அபராதம் எழுதினார்கள், சரக்கை வண்டியில் ஏற்றினார்கள், போய்விட்டார்கள். காலியான கடை நடுவில் சுடலை தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பெற்ற வயிறு பற்றி எரிந்தது அவளுக்கு. ஆனாலும் உள்ளுக்குள் எங்கோ ஒரு குளிர்ச்சி. அப்படி நினைத்ததற்குத் தன்னையே திட்டிக்கொண்டு, ஏணியைச் சாத்தி மாளாவில் ஏறினாள்.

புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து எல்லாவற்றையும் பளபளவென்று ஆக்கி வைத்தாள். இது நாலு நாள் கூத்து, அடுத்த மாசம் எல்லாம் பழையபடி ஆகிவிடும், ஆடிக்கு பங்கார்காரன் வரத்தான் போகிறான் என்றான் மகன். நாலு நாளைக்காவது வெளிச்சம் பார்க்கட்டும் என்றாள் இவள்.

முதல் ஆர்டர் மாட்டுங்காவிலிருந்து வந்தது. நாகலக்ஷ்மி மாமி, பாலக்காட்டுக்காரர். அவர் வீட்டுக்காரர் வேங்கடசுப்ரமணியன் ரயில்வே ஆபீஸில் இருந்து ரிடையர் ஆகப் போகிறவர். அவருக்கு அறுபதாம் கல்யாணம். மத்தியானச் சாப்பாடு எப்படியும் இலையில்தான். காலை டிபனுக்கும் காபிக்கும் தண்ணீருக்கும் என்ன செய்வது? பிளாஸ்டிக் கண்ணில் பட்டால் ஹாலுக்குள்ளேயே விட மாட்டோம் என்று ஹால்காரர்கள் போர்டு எழுதி மாட்டிவிட்டார்களாம். மாமிக்குப் பழைய பிரம்மநாயகம் கடை ஞாபகம் வந்து, ஆளை விட்டுத் தேடிப் பிடித்தார். உன் பாத்திரத்துக்கு நான் பொறுப்பாக்கும், ஒரு ஸ்பூன் குறையாது என்று வாக்கும் கொடுத்தார்.

இது காதுக்குக் காது பரவி, தாராவியில் அம்மன் கொடை கமிட்டிக்காரர்களும் வந்து விசாரித்தார்கள். ஆடி முதல் வெள்ளி கொடைவிழா. அன்னதானத்துக்கு என்ன செய்வதென்று அவர்களுக்கும் முழி பிதுங்கிக்கொண்டிருந்தது. மாட்டுங்காவில் எப்படி நடக்கிறதென்று பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். அப்போதுதான் தாய்க்கும் மகனுக்கும் ஒரு பேச்சு முடிவாயிற்று. மாட்டுங்கா ஒழுங்காக நடந்து கொடையும் கிடைத்தால் தட்டு வீட்டில் இருக்கும். இல்லையென்றால் மறுநாளே பங்கார் வண்டி வரும், அவள் வாயைத் திறக்கக் கூடாது. பேராச்சி சரி என்று தலையாட்டிவிட்டு அம்மனுக்கு ஒரு தேங்காய் முடிந்து வைத்தாள்.

அறுபதாம் கல்யாணம் ஜாம்ஜாம் என்று நடந்தது. நாதஸ்வரம் என்ன, கும்பம் என்ன, மாமிக்கு மறுபடியும் தாலி கட்டும்போது அந்த முகத்தில் வந்த சிரிப்பு என்ன! ஹாலில் குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டியது, அதுவே பேராச்சிக்குப் பெரிய கொண்டாட்டம். பின்கட்டில் இரண்டு பெண்களை வைத்துக்கொண்டு, வந்த தட்டையெல்லாம் கழுவிக் கழுவி அடுக்கினாள். வெகு நாளைக்குப் பிறகு அவள் பேர் ஊரார் கையில் இருந்தது. இப்போது வெட்கமாக இல்லை, பெருமையாகவே இருந்தது.

மத்தியானம் அடுக்கிப் பார்த்தால் தட்டு குறைந்தது. ஒன்றிரண்டு இல்லை, கால்வாசியைக் காணோம். டம்ளரும் அதே கதை.

சுடலை முதலில் கழுவ வந்த பெண்கள் மேல் பாய்ந்தான். அவர்கள் சமையல் காண்டிராக்டரின் ஆட்களைக் காட்டினார்கள். அவர்கள், இந்த அம்மாவுக்கு எண்ணத் தெரியவில்லை என்று பேராச்சியையே காட்டினார்கள். நல்ல நாளும் அதுவுமாகப் பின்கட்டில் இரைச்சல். மாமி ஒன்பது கஜப் புடவையோடு ஓடி வந்தார். கொஞ்சம் தண்ணீர் குடிக்கலாம் என்று கூடத்துப் பக்கம் போன பேராச்சி, அங்கே கண்டதில் அப்படியே நின்றுவிட்டாள்.

சரிகை வேஷ்டி கட்டிய ஒருவர் போனில் பேசிக்கொண்டே தண்ணீர் குடித்தார். குடித்து முடித்ததும் எவர்சில்வர் டம்ளரை டிரம்முக்குள் போட்டுவிட்டு, கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். களவு இல்லை, ஏமாற்று இல்லை, பழக்கம். இத்தனை வருஷமாகக் குடித்ததை எறிந்து எறிந்து கை தானாகப் போகிறது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள். உள்ளே வாழை இலை மெத்தென்று கிடந்ததால் விழுந்த சத்தம்கூட இல்லை. பேராச்சி டிரம்முக்குள் தோள் வரை கையை விட்டாள். இலைக்குக் கீழே தட்டு, அதற்குக் கீழே இன்னும் இரண்டு தட்டு.

அந்த டிரம்மில் கிடந்தது கொஞ்சம்தான். காலையில் நிறைந்த டிரம்களைக் குப்பை லாரி அப்போதே வந்து எடுத்துக்கொண்டு தேவ்நார் குப்பை மேட்டுக்குப் போயிருந்தது.

மாமிக்கு அழுகையே வந்துவிட்டது. என்ன விலையானாலும் நான் கொடுத்துடறேன், என் மனுஷாளால வந்த வினையாக்கும் இது என்று கையைப் பிடித்துக்கொண்டார். பேராச்சிக்குப் பணம் பெரிதாகத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை கொடை. கால்வாசித் தட்டு இல்லாமல் அன்னதானத்தில் நிற்க முடியாது. கமிட்டிக்காரன் காகிதத் தட்டுக்குப் போய்விடுவான், மிச்சத் தட்டு பங்காருக்குப் போய்விடும். சுடலை நினைவுபடுத்த வேண்டியதில்லை, ஆடி பிறந்தவுடன் என்று அவள் வாயாலேயே சொன்னது காதில் திரும்பத் திரும்பக் கேட்டது.

"வண்டிய தேவ்நாருக்கு விடு" என்றாள்.

செம்பூர் தாண்டும் வரை சுடலை திட்டிக்கொண்டே டெம்போவை ஓட்டினான். கடலில் பெருங்காயத்தைக் கரைத்துவிட்டுத் தேடப் போகிறவர்கள் உண்டா என்றான். பம்பாய் பூராவும் கொண்டுவந்து கொட்டுகிற இடத்தில் நாலு தட்டைத் தேடுகிற பைத்தியம் நீ ஒருத்திதான் என்றான். மழை வேறு. பேராச்சி மடியில் அந்த மூன்று தட்டையும் வைத்துத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

குப்பை மேட்டு வாசலில் காவலாளி உள்ளே விட மாட்டேன் என்றுவிட்டார். பாவம், நல்ல மனுஷர். வீணாக நிற்காதீர்கள் மாவ்ஷி, எவர்சில்வர் இங்கே ஒரு மணி நேரம் தங்காது, பொறுக்குகிறவர்களுக்கு அது தங்கம் என்று சொன்னார். அப்படியானால் பொறுக்குகிறவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று இவள் கேட்டாள். பக்கத்துச் சந்துகளைக் கைகாட்டினார். பேராச்சி தன் ஓட்டை இந்தியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கொட்டகையாக ஏறி இறங்கினாள். சிலர் சிரித்தார்கள், சிலர் தலையைத் திருப்பிக்கொண்டார்கள், ஒருவன் நேற்று எங்கள் வீட்டு யானையும் இங்கேதான் தொலைந்தது என்றான்.

கடைசிச் சந்தில், நீலத் தார்ப்பாய்க்குக் கீழே ஒருத்தி உட்கார்ந்து பாட்டில் வேறு, பால் கவர் வேறு என்று பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். பேர் மர்யம். பேராச்சியைவிட வயதில் இளையவள், ஒடிசலான உடம்பு. இவள் கேட்டதற்கு அவள் இருக்கு என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நிமிர்ந்து பார்த்து, என்ன அடையாளம் என்று கேட்டாள்.

பேர் வெட்டியிருக்கும் என்றாள் பேராச்சி.

"என்ன பேரு?"

"பேராச்சி."

"அது யாரு?"

"நாந்தான்."

மர்யம் எழுந்து பின்னால் கிடந்த சாக்கைத் தூக்கினாள். தட்டு ஒரு அடுக்கு, டம்ளர் ஒரு அடுக்கு. சிலது நெளிந்திருந்தது. ஆனால் எல்லாம் கழுவித் துடைத்திருந்தது. ஆயுசு பூராவும் தட்டு கழுவினவளுக்குத் தெரியாதா, இது மழையில் நனைந்த தட்டு இல்லை, ஒருத்தி உட்கார்ந்து தேய்த்த தட்டு. பேராச்சி அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

சுடலைக்கு நம்பிக்கை வரவில்லை. இதை எடைக்குப் போட்டிருந்தால் உங்களுக்கு நல்ல காசு, ஏன் போடவில்லை என்று கேட்டான். கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கேட்டான். மர்யம் கோபித்துக்கொள்ளவில்லை. மற்றவர்கள் கையில் கிடைத்ததைப் போட்டுவிட்டார்கள், என் கையில் கிடைத்தது இவ்வளவுதான் என்றாள். பிறகு, பிரித்துப் போட்டிருந்த கவர்க் குவியலைக் காட்டி, இந்தியில் நிதானமாகச் சொன்னாள்:

"இங்க வர்றது எல்லாத்துலயும் பேரு இருக்கு தம்பி. பால் கவர்ல இருக்கு, சிப்ஸ் கவர்ல இருக்கு, ஷாம்பு பாக்கெட்ல இருக்கு. யாரு பேரு போட்டிருக்கோ அவங்கதான் திருப்பி எடுத்துக்கணும்னு சட்டமே இருக்குதாம், ஒரு மேடம் வந்து மீட்டிங் போட்டுச் சொன்னாங்க. நான் கல்யாணம் ஆகி வந்ததுல இருந்து பொறுக்குறேன். ஒரு பேருக்காரனும் வந்து என்னோடது எங்கேன்னு கேட்டதில்ல. இந்தத் தட்டுல பேரு கையால வெட்டியிருந்துச்சு. இதுக்கு ஆள் வரும்னு தோணிச்சு. ஒரு நாள் பாப்போம்னு வச்சேன்."

தட்டில் இருந்த எழுத்து அவளுக்குப் படிக்கத் தெரியாது. பேர் என்று மட்டும் தெரிந்திருக்கிறது. கழுவப் போறது நீ, பேரு மட்டும் எனக்கா என்று கேட்ட மனுஷனைப் பேராச்சி அப்போது நினைத்துக்கொண்டாள். உமக்குக் கோட்டி என்று சொன்னேனே, நீர்தாம்யா இன்னைக்குத் தட்டைக் கொண்டாந்து சேத்தீரு என்று மனசுக்குள் கும்பிட்டாள்.

சுடலை பையில் இருந்ததை எடுத்துக் கொடுத்தான். மர்யம் பிகு பண்ணாமல் வாங்கி முடிந்துகொண்டாள். வாங்கத்தானே வேண்டும், பிழைப்பு. கிளம்பும்போது பேராச்சி, உங்கள் வீட்டு விசேஷத்துக்கு என் பாத்திரம் வரும், வாடகை என்ற பேச்சே கிடையாது என்றாள். மர்யம் சிரித்தாள். அப்போது அவள் மகள் சாயிமாவுக்குப் பள்ளிக்கூடம் போகிற வயசு.

அம்மன் கொடை நடந்தது. நெளிந்ததைத் தட்டி நிமிர்த்தி, குறைந்த கொஞ்சத்தை மாமி வாங்கிக் கொடுத்த புதுத் தட்டால் நிரப்பிக்கொண்டார்கள். பேர் வெட்டாமல் கொடுக்க மாமிக்கு மனசு வருமா? கடையிலேயே 'பேராச்சி' என்று வெட்டச் சொல்லித்தான் கொண்டுவந்தார். கமிட்டிக்காரர்களைப் பிடித்துத் தண்ணீர் டேங்கர் ஏற்பாடு செய்ய வைத்தவளும் பேராச்சிதான். டேங்கர் இல்லாவிட்டால் தட்டும் இல்லை என்று ஒரே நிலையாக நின்றுவிட்டாள். சுடலை மைக்கைப் பிடித்து, தட்டைத் தூக்கிப் போடுகிறவர்களை ஆத்தா பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று அன்னதானம் முடிகிற வரைக்கும் தொண்டை வற்றக் கத்தினான். அன்றைக்குத்தான் பேராச்சி முதல் முதலாக டிரம் பக்கத்தில் ஸ்டூல் போட்டது. பங்கார்காரன் பிறகு வந்தபோது டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அப்புறம் என்ன, பிளாஸ்டிக் ஒழிந்ததா என்று கேட்டால், எங்கே ஒழிந்தது? கொரோனா வந்து, அடுத்தவர் தொட்ட தட்டைத் தொடவே ஊர் பயந்தபோது எவர்சில்வர் மறுபடி மாளாவுக்குப் போயிற்று. பிறகு தில்லி சர்க்காரும் ஒரு தடை போட்டது. தட்டு மறுபடி இறங்கியது. நீல யூனிஃபார்ம் வருகிற மாதம் காய்கறிக்காரன் துணிப்பை எங்கே என்று நம்மையே அதட்டுவான். வராத மாதம் தராசுக்குக் கீழேயிருந்து மெல்லிசுப் பையை உருவிக் கொடுப்பான். போன மழைக்கும் நாலா அடைத்தது. ஆனால் தெர்மாகோல் தட்டு மிதந்து வருவது அபூர்வமாகிவிட்டது, அதையும் சொல்ல வேண்டும். குழாயும் கழுவ இடமும் உள்ள ஹாலில் பேராச்சி தட்டு நிற்கிறது. தண்ணீர் இல்லாத இடத்தில் காகிதத் தட்டு வந்து உட்கார்ந்துகொள்கிறது. சுடலை இப்போது வாடகைப் பாத்திரமும் வைத்திருக்கிறான், பாக்குமட்டைத் தட்டும் விற்கிறான். இந்தச் சட்டமெல்லாம் வெத்து வேட்டு என்று அவன் ஆரம்பித்தால் அவள் விடுவதில்லை.

"சட்டம் வந்து தட்டு கழுவாதுல. அது நம்ம சோலி. ஆனா சட்டம் வரலன்னா எந்தட்டு கீழயே எறங்கியிருக்காது. போட்டவன் நல்லா இருக்கட்டும்."

போன வருஷம் தேவ்நாரிலிருந்து போன் வந்தது. சாயிமாவுக்கு நிக்காஹ். பேராச்சி சொன்ன சொல்லை மறக்கவில்லை. மகன் டெம்போவை எடுத்தான், தட்டெல்லாம் மறுபடி தேவ்நாருக்குப் போயிற்று, இந்தத் தடவை முறையாக. மர்யம் அக்கம்பக்கத்தில் சொல்லி முந்தின நாளே டிரம் டிரம்மாகத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தாள். பேராச்சி கூடவே ஸ்டூலையும் கொண்டுபோனாள். ஆனால் பொண்ணுக்குத் தாய், சரிகைத் துப்பட்டா போட்டவள், ஒவ்வொரு பந்திக்கும் ஓடி வந்து குப்பை டிரம்முக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். நான் இருக்கிறேன், நீ பொண்ணு பக்கத்தில் போய் நில் என்று பேராச்சி விரட்ட வேண்டியதாயிற்று.

மறுநாள் காலை தாராவியில் தட்டை எண்ணி அடுக்கினார்கள். கொண்டுபோனதைவிட ஒரு தட்டு கூட இருந்தது.

குறைவதுதான் இந்தத் தொழில். கூடியதாகச் சரித்திரமே கிடையாது. பேராச்சி மறுபடி எண்ணினாள், சுடலையும் எண்ணினான். பிறகு ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்கும்போது அது கையில் தட்டுப்பட்டது. ஒரு பக்கம் நன்றாக நெளிந்து, மேலெல்லாம் கீறல், விளிம்பில் என்ன தேய்த்தும் போகாத கறுப்பு. நடுவில் 'பேராச்சி, தாராவி'. பிரம்மநாயகம் வெட்டச் சொன்ன பழைய எழுத்து.

போன் போட்டாள். மர்யம் முதலில் தெரியாதது போலப் பேசினாள், பிறகு ஒப்புக்கொண்டாள். பழைய குப்பை மேட்டை மெஷின் வைத்துத் தோண்டுகிறார்களாம். தோண்டின மண்ணோடு வந்து விழுந்ததாம். நேரில் கொடுத்தால் நீங்கள் பதிலுக்கு எதையாவது நீட்டுவீர்கள், அதனால்தான் அடுக்கோடு கலந்துவிட்டேன் என்றாள்.

"உங்க பேரு அங்க கிடக்கக் கூடாது அக்கா" என்றாள்.

பேராச்சி, நல்லா இரு தாயி, நல்லா இரு என்று அதையே நாலு தடவை சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

அந்தத் தட்டு வாடகைக்குப் போவதில்லை. அன்றிலிருந்து அவள் சாப்பிடுவது அதில்தான். நெளிந்த பக்கமாக ரசம் ஒழுகி சேலையெல்லாம் பாழாகிறது, வீட்டில் வேறு தட்டா இல்லை என்று சுடலை ஒருநாள் சத்தம் போட்டான். பேராச்சி தட்டைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"எம் பேர ஒருத்தி மலைக்குள்ள இருந்து எடுத்துட்டு வந்து குடுத்திருக்கா. ரசம் ஒழுகினா ஒழுகிட்டுப் போகுது" என்றாள்.